பொரியில் ஒன்று குறைகிறது

எங்கள் மலையில் எல்லோரும் ஒரு நட்சத்திரம் சாகவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தோம். ஒன்றே ஒன்று போதும். பேராசை எல்லாம் கிடையாது.

மலை சிலி நாட்டின் வடபகுதியில் இருக்கிறது. புல்கூட முளைக்காத பாலைவனம், நடுவில் ஓர் உச்சி, உச்சியில் வெள்ளைக் கூண்டுக்குள் எங்கள் தொலைநோக்கி. ஏழு வருடமாக அது திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு குட்டி விண்மீன் மண்டலத்தை. அதற்கு எண்தான் உண்டு, பெயர் இல்லை. சுருளும் இல்லை, வட்டமும் இல்லை. கோயில் வாசலில் யாரோ கைதவறிக் கொட்டிவிட்டுப் போன பொரி மாதிரி சிதறிக் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் அப்படிச் சொல்லப்போய், மலையில் எல்லோருக்கும் அது 'பொரி' ஆகிவிட்டது. தொலைநோக்கியை இயக்கும் எலியாஸ் உள்ளூர்க்காரர். அவருக்குத் தமிழில் தெரிந்த இரண்டு சொற்களில் ஒன்று அது. இன்னொன்று 'சாப்டாச்சா'.

நான் உமையாள், பாளையங்கோட்டைக்காரி. கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிற ரகம். மலையில் சிலிண்டரே கிடையாது. ஆனாலும் அந்தப் பயம் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. காலையில் வேலை முடிந்து விடுதிக்கு இறங்கும்போது, கையுறையைக் கழற்றாமல், போனிடம் பேசியே வீட்டுக்குச் செய்தி எழுதுவேன்.

"யம்மா, நான் நல்லாருக்கேன். சாப்ட்டேன். குளிரு பெருசா ஒண்ணுமில்ல. பள்ளத்துப் பக்கம் ரோட்டோரமா நடக்கல, நடுவுலதான் நடக்கேன். பயப்படாதீங்க."

அம்மாவின் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "நாங்க எங்கட்டி பயந்தோம்?"

சனிக்கிழமை மட்டும் முகம் பார்த்துப் பேச்சு. எனக்குக் காலை ஏழு மணி, அவர்களுக்குப் பிற்பகல் மூன்றரை. சில மாதமாக, அழைப்பை எடுத்ததும் அப்பா "ஒரு நிமிசம் இரு" என்று காமிராவைக் கையால் மூடுவார். கொஞ்சம் சரசரப்புச் சத்தம் கேட்கும். பிறகு வேட்டியில் கையைத் தட்டிக்கொண்டே வந்து உட்காருவார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வண்டி சொல்லிக்கொடுப்பவர். போன் பேசும்போதும் பக்கத்து சீட்டில் பிரேக்கில் கால் வைத்திருப்பவர் போலத்தான் உட்கார்ந்திருப்பார். அம்மா அங்கன்வாடி டீச்சர். அவள் பேசினால் அப்பாவுக்கு இடம் கிடைக்காது.

"அது ஏன் சாகணும்னு நெனைக்கிய? பாவமில்லையாட்டி?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

"யம்மா, அது ஏற்கெனவே செத்திருக்கும். இருபத்தஞ்சு லட்சம் வருசத்துக்கு முன்னாடியே. வெளிச்சம் நமக்கு வந்து சேர லேட்டாகும்."

"அப்ப பதினாறாம் நாள் விசேசமெல்லாம் முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும். பொரில இருக்குற பெரிய நட்சத்திரத்துல இரும்பு கிரும்பெல்லாம் ரொம்பக் கம்மி. உலகம் உண்டானப்ப வந்த மொத நட்சத்திரங்க மாதிரி. அதுங்க சாகும்போது வெடிக்காதாம். சத்தமே இல்லாம அணைஞ்சு, அப்படியே உள்ள விழுந்து போயிருமாம். அப்படி ஒண்ண யாரும் சரியாப் பாத்ததில்ல. நாங்க பாத்துட்டா மொத ஆளு நாங்கதான்."

"சத்தமில்லாமப் போறது நல்ல சாவுதான்," என்றாள் அம்மா. "அது கெடக்கட்டும். வாராவாரம் அதே பச்சச் சுடிதாரா? துவைக்கியா இல்லையா?"

நான் குனிந்து பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் அலுவலகம் கொடுத்த குளிர்ச்சட்டை. பச்சைச் சுடிதார் போன வருடமே கிழிந்து கண்ணாடி துடைக்கும் துணியாகிவிட்டது.

"யம்மா, மொதல்ல கண்ணு டாக்டரப் பாருங்க."

"என் கண்ணுக்கு என்னட்டி?"

அவளிடம் வேறொரு விஷயத்தில் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் முடியை வெட்டிவிட்டேன். மலைக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். குளிக்க மூன்று நிமிடம். இடுப்பளவு முடியை மூன்று நிமிடத்தில் அலச முடியாது. காதளவு வெட்டினேன். பதினெட்டு வருடம் அம்மா எண்ணெய் தேய்த்து வளர்த்த முடி. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் கேட்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும். அம்மா திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். திட்டாமல் இருந்தால் தூக்கம் வராது. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பேசி முடிக்கும்போது அம்மாவின் தோளுக்குப் பின்னால் பார்ப்பேன். கட்டில் காலடியில், பழுப்பாக, சுருண்டு, ஒரு காதை மட்டும் தூக்கிக்கொண்டு மிக்சர் படுத்திருப்பான். எங்கள் நாய். வீட்டுக்கு வந்த முதல் நாளே அரைக்கிலோ மிக்சரைத் தின்று தீர்த்தவன்.

"தூங்குதானாப்பா?"

"ம்," என்பார் அப்பா.

இனி என் வேலையைச் சொல்லவேண்டும். எங்கள் காலத்தில் வானத்தில் கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களைவிடச் செயற்கைக்கோள்கள் அதிகம். தொலைநோக்கி ஒரு படம் எடுத்தால் அதில் இருநூறு வெள்ளைக் கோடுகள் இருக்கும், குழந்தை கையில் சாக்பீஸ் கொடுத்த மாதிரி. அந்தக் கோடுகளை அழிக்க ஒரு மென்பொருள் உண்டு. அதற்கு 'துடைப்பான்' என்று பெயர் வைத்தவர் கௌரி அக்கா. சிவகௌரி, எங்கள் ஆய்வின் தலைவி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கனடாவில் படித்து, ஏழு வருடமாக இந்த மலையில் பொரியைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவர். துடைப்பான் கோட்டை அழித்ததும் அந்த இடம் ஓட்டையாகிவிடும். அங்கே முந்தைய படங்களில் என்ன இருந்ததோ அதை எடுத்து நிரப்பிவிடும்.

எங்காவது அதற்குச் சந்தேகம் வந்தால் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னிடம் கேட்கும். எனக்கு இரண்டு பொத்தான்: 'உண்மை', 'கோளாறு'. ஒரு நட்சத்திரம் ஓரிரவு காணாமல் போனால் அது செயற்கைக்கோள் செய்த குறும்பு, கோளாறு. தொடர்ந்து மூன்று இரவு காணவில்லை என்றால் துடைப்பானே மணியடித்து எல்லோரையும் கூப்பிடும். இதுதான் மூன்று இரவு விதி. திரைக்குப் பக்கத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தது. ஒரு காலையில் அறுநூறு தரம் பொத்தானை அழுத்துவேன். இரண்டு வருடத்தில் மணி ஒருமுறைகூட அடித்ததில்லை.

அதனால்தான் கடையைச் சாத்தப் போகிறார்கள் என்றானது. பொரியில் நாங்கள் கண்காணிக்கும் பெரிய நட்சத்திரம் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. ஏழு வருடம். கணக்குப்படி ஒன்றோ இரண்டோ போயிருக்கவேண்டும்; ஒன்றும் போகவில்லை. பிப்ரவரி முதல் சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் குழு கூடும், பூட்டுப் போடுவது முடிவாகும் என்றார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையோடு பொரியும் சூரியன் பக்கம் ஒதுங்கிவிடும். மறுபடி பார்க்கப் பல மாதம் ஆகும். பூட்டினால் என் விசா மாதக் கடைசியோடு சரி. கௌரி அக்காவுக்கு விசா பிரச்சினை இல்லை. அவருக்குப் பொரியைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை.

வெள்ளிக்கிழமை படங்களையும் பார்த்து முடித்தேன். அறுநூற்றுச் சொச்சம் கோளாறு. மணி அடிக்கவில்லை. எலியாஸ் கூண்டின் கதவை மூடிவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்து, "சாப்டாச்சா?" என்றார். துக்கம் விசாரிக்கவும் அவருக்கு அந்தச் சொல்தான்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஒரு நிமிசம் இரு, சரசரப்புச் சத்தம், அப்பா, அம்மா.

"உன் தொல்ல தாங்காமப் போயிட்டு வந்தேன்," என்றாள் அம்மா.

"எங்க?"

"கண்ணாஸ்பத்திரிக்கு. சொட்டு மருந்து ஊத்தி ரெண்டு மணி நேரம் உக்கார வச்சிட்டான். கடைசில டாக்டரம்மா சொல்லுதா, உங்களுக்குக் கண்ணு பருந்து மாதிரி இருக்கு, எதுக்கு வந்தீங்கன்னு. மானம் போச்சு."

"அப்ப இப்ப நான் என்ன கலரு போட்டிருக்கேன், சொல்லுங்க."

"பச்ச."

"நல்லாப் பாருங்கம்மா."

"பச்சச் சுடிதாரு, கழுத்துல மஞ்சப் பூ வேல. ஏட்டி, பின்னல மட்டும் முன்னாடி எடுத்துப் போடாத. நல்லாவே இல்ல."

"எந்தப் பின்னல்?"

"ஓம் பின்னலத்தான். தோள்ல கெடக்குல்லா."

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. வெறும் கழுத்து, குளிரில் சில்லிட்டிருந்தது. எட்டு மாதம் அம்மா கோபமாக இல்லை. எட்டு மாதமாக அவள் என் முடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அழைப்புச் செயலியின் அமைப்புகளைத் திறந்தேன். அடியில், ஒருநாளும் நான் போகாத ஒரு மூலையில், 'தெளிவான முகம்' என்று ஒரு சுவிட்ச் எரிந்துகொண்டிருந்தது. தொடர்பு மெலிந்திருக்கும்போது இரு பக்கத்திலும் விடுபடும் படத்தைப் பழைய படங்களிலிருந்து நிரப்பும் வசதி, என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. மலையில் தொடர்பு எப்போதும் மெலிந்துதான் இருக்கும்.

முதலில் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"யம்மா, நான் வைக்கேன்."

"ஏட்டி, என்ன ஆச்சு? மொகமே சரியில்ல."

"என் மொகம் உங்களுக்கு எங்கம்மா தெரியுது?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அந்த மாதிரி நான் அம்மாவிடம் பேசியதே இல்லை.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. இரவெல்லாம் வேலை பார்ப்பவர்களின் அறைக் கதவில் சிவப்பு அட்டை தொங்கும்: 'தூங்குகிறார்கள்'. நண்பகல் வரை அந்த நடையில் யாரும் செருப்பு தேயக்கூட நடக்கமாட்டார்கள். சமையலறையில் பாத்திரத்துக்குக் கீழே துணி விரித்திருப்பார்கள். வானியலாளரை எழுப்புவதற்கு மூன்று காரணங்கள்தான் செல்லும் என்று வந்த அன்றே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: தீ, நிலநடுக்கம், அவருடைய தாய்.

கௌரி அக்காவின் சிவப்பு அட்டை ஆடும் அளவுக்குக் கதவை இடித்தேன். வெகுநேரம் கழித்துத் திறந்தது. கண்ணை மறைக்கும் பட்டை நெற்றியில் ஏறியிருந்தது.

"நெருப்புப் பிடிச்சிட்டுதோ?"

"இல்லக்கா."

"நிலம் ஆடினதோ?"

"இல்லக்கா."

"அப்ப நீர் செத்தீர்." கதவு மூடத் தொடங்கியது.

இடுக்கில் காலை வைத்தேன். நானா வைத்தேன் என்று இன்றைக்கும் நம்பமுடியவில்லை. "அக்கா, துடைப்பான் நட்சத்திரத்த வரையுது."

"வரையத்தானே வேணும். ஓட்டையை நிரப்பத்தானே அதை வச்சிருக்கிறம். போய்ப் படும்."

"நிரப்புன படத்தையும் நாம 'அன்னைக்கு இருந்துச்சு'ன்னு கணக்குல எழுதுறோம்க்கா. ஒரு நட்சத்திரம் நெசமாவே போயிருச்சுன்னு வைங்க. மொத நாள் என்கிட்ட கேக்கும். ஓரிரவுதானேன்னு 'கோளாறு' அழுத்துவேன். பழச வச்சு நிரப்பிரும். மறுநாள் அதுக்கு என்ன தெரியும்? 'நேத்து இருந்தது, இன்னைக்குத்தான் காணல.' மறுபடியும் ஓரிரவு. மறுபடியும் கோளாறு. மூணு ராத்திரி எப்பக்கா சேரும்?"

கௌரி அக்காவின் விரல்கள் கதவு விளிம்பில் ஒன்று, இரண்டு என்று தட்டின. மூன்றாவது தட்டு விழவே இல்லை.

"சேராது," என்றார். "ஐயோ. ஒருக்காலும் சேராது."

"மூணு தரம் ஒரே இடத்துல கோளாறு அழுத்திட்டா அப்புறம் அது என்கிட்ட கேக்குறதையும் நிறுத்திரும். தானே நிரப்பிக்கும்."

"அப்ப துடைக்காத மூலப்படம்..."

"தெனமும் பகல் பன்னெண்டு மணிக்கு அழிஞ்சிரும். நேத்து ராத்திரியோடது மட்டும் இருக்கு. நிறுத்த உங்க கடவுச்சொல் வேணும்." மணி ஏழு நாற்பது. "இன்னொண்ணுக்கா. அழுத்துனதெல்லாம் நான்தான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு இரவு உடையோடே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெறுங்காலில் மலையேறத் தொடங்கினார். செருப்பை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

கட்டுப்பாட்டு அறையில் முதலில் அழிப்பை நிறுத்தினார். பிறகு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நாலாயிரத்தில எதைத் தேடுறதுக்கா?"

"பெரிய நட்சத்திரம் ஒண்டும் சும்மா இராது, பிள்ளை. கொஞ்சமாவது மினுங்கும், ஏறும், இறங்கும். வரைஞ்ச நட்சத்திரம் அப்பிடிச் செய்யாது. எது ஆடாமல் அசையாமல் நல்ல பிள்ளையா இருக்கெண்டு பாரும்."

பார்த்தேன். நாலாயிரத்து நூற்றுப் பதினொன்று நட்சத்திரங்களின் வெளிச்சக் கோடு நடுங்கிக்கொண்டு போனது. ஒன்று மட்டும் அக்டோபர் நடுவிலிருந்து அடிக்கோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருந்தது. எண் 2207. அதன் பதிவேட்டைத் திறந்தேன். அக்டோபர் 17, கோளாறு, உமையாள். அக்டோபர் 18, கோளாறு, உமையாள். அக்டோபர் 19, கோளாறு, உமையாள். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை.

நேற்றைய மூலப்படத்தைத் திரையில் போட்டோம். கோடு கோடாக, கிறுக்கலாக, அழுக்காக, அழகாக இருந்தது. ஐந்து படங்கள். ஐந்திலும் 2207 இருக்கவேண்டிய இடத்தின் மேல் எந்தக் கோடும் போகவில்லை. அந்த இடத்தில் எதுவும் இல்லை.

கௌரி அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தார். தூசியோ என்று.

"அக்கா, இது போதும்ல?"

"ஓரிரவு போதாது. மூண்டு வேணுமெண்டு விதி இருக்கு," என்றவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். "மற்ற இரவெல்லாத்தையும் நாங்களே அழிச்சுப்போட்டம். குழு நம்பாது. கமெராவில பழுதெண்டு சொல்லும். நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லுவன்."

அப்போதுதான் எலியாஸ் காபியோடு வந்தார். தூங்கவேண்டிய நேரத்தில் இரண்டு பெண்கள், அதில் ஒருத்தி கம்பளியோடு, விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார். அவருடைய அரைகுறை ஆங்கிலத்திலும் என் அரைகுறை ஸ்பானிஷிலும் விஷயத்தைச் சொன்னேன்.

"பொரியோட நடுப்பகுதியா?" என்றார்.

"ஆமா. ஏன்?"

"தினமும் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு படம் எடுப்பேனே. பத்து நொடி. கண்ணாடி சரியா கூர்மையா இருக்கான்னு பார்க்க. பொரியோட நடுவைத்தான் எடுப்பேன்."

"அது துடைப்பானுக்குப் போகாதா?"

"எதுக்குப் போகணும்? அது அறிவியல் இல்லையே, என் சோதனைப் படம்." அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "அழிக்கச் சொல்லித்தான் உத்தரவு. எனக்கு எதையும் எறிய மனசு வராது. என் மனைவிகிட்ட கேளுங்க, வீட்டுல நடக்க இடமில்லை. நாலு வருஷத்துப் படம் வட்டுல பதிஞ்சு என் மேஜை டப்பாவுல இருக்கு."

கௌரி அக்கா எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார். காபி மூவர் மேலும் கொட்டியது.

டப்பாவில் எல்லாம் இருந்தது. செப்டம்பரில் 2207 சின்னதாக, பிடிவாதமாக, மினுங்கிக்கொண்டு. அக்டோபர் பத்தில் கொஞ்சம் மங்கல். பதினைந்தில் இன்னும் மங்கல். பதினேழில் இல்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் இல்லை. வெடிக்கவில்லை, ஊதவில்லை. சூரியனைப்போல இருபத்தைந்து மடங்கு கனம். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.

"போயிட்டுது," என்றார் கௌரி அக்கா. சிரித்தார், அழுதார், மூக்கைக் கம்பளியில் துடைத்தார். "சொன்ன மாதிரியே போயிட்டுது."

மாலை மூன்று மணிக்குத் திரையில் பதினொரு முகங்கள். கௌரி அக்கா சேலை கட்டி வந்திருந்தார். படங்களைக் காட்டி முடித்தார். பிறகு தலைவர், வெள்ளைத் தாடிக்காரர், மெதுவாகக் கேட்டார். நாலு மாதம் இதை ஏன் யாரும் பார்க்கவில்லை?

"எங்கள் முறையில் ஒரு பிழை இருந்தது," என்று கௌரி அக்கா தொடங்கினார்.

பேசாமல் இருந்தால் அந்த 'முறை'க்குள் நான் ஒளிந்துகொள்ளலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"நான்தான்," என்றேன். "மூன்று இரவும் கோளாறு என்று அழுத்தியது நான்."

"இது மாதிரி எத்தனை முறை அழுத்தியிருப்பீர்கள்?"

"இரண்டு வருடத்தில் மூன்று லட்சத்துப் பத்தாயிரம்."

"அதில் எத்தனை உண்மை?"

"தெரியாது. மூலப்படங்கள் இல்லை. எலியாஸின் டப்பாவில் நடுப்பகுதி மட்டும்தான் இருக்கிறது. ஓரத்தில் எத்தனை போனது என்று இனி யாருக்கும் தெரியாது."

திரையில் யாரோ ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவர் விதிப்படிதான் செய்தார்," என்றார் கௌரி அக்கா. "அந்த மூன்று இரவு விதியை எழுதியது நான். அது தெளிவாகப் பதிவாக வேண்டும்."

நாற்பது நிமிடம் வாதாடினார்கள். கடைசியில் பூட்டைத் தள்ளிவைத்தார்கள், இரண்டு வருடத்துக்கு. மூலப்படத்தை இனி அழிக்கக்கூடாது. என்னிடமிருந்து இரண்டு பொத்தானையும் பிடுங்கிவிட்டு எலியாஸின் டப்பாவைக் கொடுத்தார்கள். நாலு வருடப் படத்தையும் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பது இனி என் வேலை. தண்டனையா, பதவி உயர்வா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கௌரி அக்கா சேலையோடு படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏழு வருஷமா வானத்தைப் பாக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்," என்றார். "நான் எடுத்த பழைய படத்தைத்தான் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன், என்ன?" பதில் எதிர்பார்க்கவில்லை. "உமக்கு எப்பிடித் திடீரெண்டு பிடிபட்டது?"

"எங்கம்மா என் பின்னலப் பத்திப் பேசுனாங்கக்கா."

"உமக்கு ஏது பின்னல்?"

"அதான்க்கா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இருந்தாலும் காலை ஏழு மணிக்கு, வேலை மேஜையிலிருந்தே கூப்பிட்டேன். நேற்று அம்மாவிடம் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும், நட்சத்திரம் செத்ததைச் சொல்லவேண்டும், முடியைக் காட்டித் திட்டு வாங்கவேண்டும். அப்பா எடுத்தார். "ஒரு நிமிசம் இரு." சரசரப்புச் சத்தம். அந்த நேரத்தில் நான் 'தெளிவான முகம்' சுவிட்சை அணைத்தேன்.

படம் சில்லுச் சில்லாக உடைந்தது. பிறகு கட்டம் கட்டமாகக் கூடியது. எங்கள் வீட்டுச் சுவர் மஞ்சளாக இல்லை, நீலமாக இருந்தது. அம்மாவின் வகிட்டில் நரை ஏறியிருந்தது. நான் பார்க்காத ஒரு மூக்குக்கண்ணாடி அப்பாவின் சட்டைப் பையில்.

அம்மா திரையை உற்றுப் பார்த்தாள். வாய் திறந்தது. என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் எதிர்பார்த்த அலறல்.

"ஏட்டீ! முடி எங்கட்டி?"

"வெட்டிட்டேன்மா. எட்டு மாசமாச்சு."

"எட்டு மாசமா? நேத்து இருந்துச்சேட்டி! ஏங்க, நேத்து இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு," என்றார் அப்பா, திகைத்துப்போய்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: துடைப்பான், நிரப்புவது, பச்சைச் சுடிதார், 2207. "இந்த போனும் அதத்தான் செஞ்சிருக்கு. பழசயே காட்டிக்கிட்டு இருந்துருக்கு. இப்ப அமத்திட்டேன். இப்பத் தெரியறதுதான் நெசம்." சொல்லிக்கொண்டே, பழக்கத்தில், அம்மாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தேன்.

கட்டில் காலடியில் ஒரு கோணிச்சாக்கு இருந்தது. பழுப்பாக, வட்டமாகச் சுருட்டி. அதன் ஒரு முனையை யாரோ கவனமாக நிமிர்த்திவிட்டிருந்தார்கள்.

அப்பா என் கண் போன திசையில் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கவில்லை.

"மிக்சர் எங்கப்பா?"

"ஐப்பசி மாசம், அடமழையில," என்றார். "வயசாயிருச்சில்லா. ரெண்டு நாளு சாப்புடல. அவ்வளவுதான்."

"நான் வாராவாரம் கேட்டேனே."

"மொத வாரம் சொல்லணும்னுதான் உக்காந்தேன். அதுக்குள்ள நீ தூங்குதானான்னு கேட்டுட்ட. திரும்பிப் பாத்தா அவன் படுக்குற சாக்கு கெடக்கு. லைன் சரியில்லாம அது உனக்கு அவன மாதிரித் தெரியுது போலன்னு நெனச்சேன். சரி, இன்னைக்கு ஒரு நாளு இருக்கட்டுமேன்னு..."

"நான் சொல்லிருங்கன்னுதான் சொன்னேன்," என்றாள் அம்மா. "நீ ராத்திரி பூரா முழிச்சு வேல பாக்குத, ஏற்கெனவே பயந்தவ, தனியாக் கெடந்து அழுவன்னு இவுகதான் விடல."

"அதுக்கப்புறம்?"

அப்பா தொண்டையைச் செருமினார். "அதுக்கப்புறம், நீ கூப்புடயில சுருட்டி வைப்பேன். காதுக்கு ஒரு முனையத் தூக்கி விடுவேன். அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் வாய்வரை வந்து நின்றது. மேஜைமேல், என் கைக்குப் பக்கத்தில், இன்னும் யாரும் கழற்றிப் போகாத அந்த இரண்டு பொத்தான் பலகை கிடந்தது.

"எத்தன தடவப்பா சுருட்டுனீங்க?"

"எண்ணல."

அவர் எழுந்து போய்ச் சாக்கை எடுத்தார். எடுத்தவருக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டங்கட்டமாக உடைந்து கூடும் படத்தில், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அங்கயே போடுங்கப்பா," என்றேன். "சுருட்டாமப் போடுங்க."